மறுமுனைக்காரி

அன்புள்ள நெட்டைக்கு,

குட்டை எழுதிக்கொள்வது. நீ சுகமா, உன் தம்பி எழுந்து நடமாடுகிறாரா, ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்கு உப்பில்லாச் சாப்பாடு பழகிவிட்டதா என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை. இங்கே நானும் மகளும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இருக்கிறோம் என்பது வரை உண்மை.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உறையைப் பார்த்ததுமே முணுமுணுத்திருப்பாய். ஃபோனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். அதோடு, தம்பி வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் பேசுகிறாய். நான் இருமினால்கூட உன் தம்பி மனைவி மருந்து சொல்கிறாள். நல்லவள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயம் அவள் காது வழியாக உனக்கு வர வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி.

போன தடவை பேசியபோது, திரும்பி வர டிக்கெட் போடப் போகிறேன், என் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் "ம்" என்றேன். அந்த "ம்" என் தொண்டையில் இன்னும் கிடக்கிறது. டிக்கெட் போடவில்லையென்றால் கொஞ்சம் பொறு.

நம் சலவைக்கூடத்துக்கு மடிக்கிற மெஷின் வந்துவிட்டது.

நீ லீவில் போன கொஞ்ச நாளிலேயே வந்துவிட்டது. நான்தான் உன்னிடம் சொல்லவில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இதை வேறு எதற்குச் சொல்வது என்று ஒத்திப்போட்டேன். அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒத்திப்போட்டேன். நாம் எதிரெதிரே நின்று மடிப்போமே, சுவரில் உன் பை மாட்டும் ஆணி இருக்கிற பக்கம், அந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. ஒரே ஒரு ஆள் இந்தப் பக்கம் நின்று, கட்டில் விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு கவ்விகளில் மாட்டிவிட்டால் போதும். இழுப்பது, நேராக்குவது, மடிப்பது, அடுக்குவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது.

முதல் நாள் அதில் ஒரு குறையாவது கண்டுபிடித்து உனக்கு எழுத வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். ஒன்றும் அகப்படவில்லை. முனையும் முனையும் அப்படி ஒட்டுகின்றன. நீ நெட்டை, நான் குட்டை. நம் அடுக்கு எப்போதும் என் பக்கமாகச் சரிந்துதான் இருக்கும். ஆறாவது வார்டுத் தலைமை நர்ஸ் அதைச் சொல்லி மூக்கால் அழுவாரே, அவர் முகத்தில் இப்போது அப்படி ஒரு நிம்மதி. அலமாரியைத் திறந்து காட்டி, பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு என்று என்னிடமே சொன்னார். ஆமாம் சிஸ்டர், அழகாத்தான் இருக்கு என்றேன். என் முதுகுவலியும் போய்விட்டது. இதை மறைத்தால் பாவம்.

மற்ற ஜோடிகளை வார்டு துடைக்க அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்களுக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. மடிப்புப் பகுதியில் இனி ஒரே வேலை, ஒரே ஆள். எதற்கும் சரி சரி என்கிற நம் சூப்பர்வைசர் 'சரிசரி' என்னைக் கூப்பிட்டு, நீயா, லீவுல இருக்கிற உன் ஜோடியா, ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரைச் சொல்லு, யாரா இருந்தாலும் எனக்குச் சம்மதம் என்றார். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் நல்லவராகிவிட்டார். காலையில் ஒருத்தி, மதியம் ஒருத்தி என்று பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டுப் பார்த்தேன். சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு மேலே போனார். திரும்பி வந்து, மெஷின் ஒரு ஆளின் கட்டைவிரல் ரேகைக்குத்தான் திறக்குமாம், ஒரு வேலை என்றால் ஒரு சம்பளம்தானாம், அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள் என்றார். இப்போதைக்கு அவர் விரலை வைத்துத் திறந்துகொடுக்கிறார், நான் மாட்டுகிறேன். பாவம், அந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை. அவர் மேற்பார்வை பார்க்க நான் ஒருத்திதான் மிச்சம். நாள் முழுக்க என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வேலை இருப்பதுபோல் பேனாவைத் திறந்து மூடுகிறார்.

உன் பதில் வரும்வரை எந்தப் பெயரையும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாதக் கடைசி வரை பொறுப்பாராம்.

இப்போது ஒரு கூத்து சொல்கிறேன், சிரிக்காதே. முனைகளைக் கவ்வியில் மாட்டியதும் என் கால் தானாக முன்னே நடக்கிறது. எதிரே நீ வருவாய், பாதி வழியில் என் முனைகளை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று காலுக்கு நினைப்பு. அந்த மெஷினுக்கு ஒரு கண் இருக்கிறது. யாராவது கிட்டே போனால், கை மாட்டிக்கொள்ளப் போகிறது என்று பயந்து சட்டென்று நின்றுவிடும். மேலே சிவப்பு விளக்கு எரியும். முதல் நாள் முழுக்க நான் நடப்பதும் அது நிற்பதுமாகவே போயிற்று. தரையில் ஒரு மஞ்சள் பட்டை ஒட்டி, இதைத் தாண்டக் கூடாது என்றார்கள். தாண்டினேன். தாண்டிய பிறகுதான் எனக்கே தெரியும்.

மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினீயர்ப் பெண் நல்ல மாதிரி. நம் வீட்டுப் பெண்போல் பேசுகிறாள். அக்கா, மாட்டிட்டு அப்படியே நின்னா போதும், அங்க யாரைப் பாக்கப் போறீங்க என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் அடுத்த விரிப்பை எடுத்தேன். டீ குடிக்கும்போது அவளே, அடுத்து வரும் மாடல் தன் பழுதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லிவிடுமாம், எங்க பொழப்பும் எத்தனை நாளைக்குன்னு தெரியலக்கா என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

நம் கூடத்தில் உலர்த்திகள் போடுகிற இரைச்சலுக்குக் கத்தினாலும் காதில் விழாது. கிட்டே வந்து முனையைக் கொடுக்கும் அந்த ஒரு நொடியில்தான் நம் பேச்சு எல்லாம். எழுவாய் ஒரு விரிப்பில், பயனிலை அடுத்த விரிப்பில். நீ இருக்கிறாயே, வேண்டுமென்றே நல்ல இடத்தில் நிறுத்தி, அப்புறம் அவ என்ன செஞ்சா தெரியுமா என்று முனையை வாங்கிக்கொண்டு போய்விடுவாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த விரிப்பை இழுப்பேன். உன் வீட்டுக்காரர் போன கதையையும் நீ விரிப்பு விரிப்பாகத்தான் சொன்னாய். அழுகை வரும் இடத்தில் எல்லாம் விலகிப் போக வேண்டியிருந்தது. அது நம் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நீ கிளம்பிய அன்று உன் மாடி வீட்டுக்காரர் கதையை ஆரம்பித்தாய், நினைவிருக்கிறதா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு மனைவியோடு வருஷக்கணக்காகப் பேசாதவர், ஒரு நாள் காலையில் பெட்டியும் கையுமாக இறங்கி வந்து உன் கதவைத் தட்டினார். வந்து என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா என்றாய். அதுதான் கடைசி விரிப்பு. மணி அடித்துவிட்டது, நீ பையை எடுத்துக்கொண்டு வண்டி பிடிக்க ஓடிவிட்டாய். என்ன கேட்டார்? அதையும் மறக்காமல் எழுது.

நெட்டை, எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போய்விடுமோ என்கிற பயம் ஒரு பக்கம், அது எல்லோருக்கும் இருப்பது. இது வேறு. முன்பெல்லாம் அலாரத்தைத் திட்டிக்கொண்டாவது எழுந்துவிடுவேன். நான் போகாவிட்டால் நீ ஒற்றை ஆளாக நிற்க வேண்டும், ஒற்றை ஆள் விரிப்பை மடிக்க முடியாது. அதற்காகவே காய்ச்சலோடும் வந்திருக்கிறேன், நீயும் வந்திருக்கிறாய். இப்போது நான் போகாவிட்டால் சரிசரி வேறு யாரையாவது மாட்டச் சொல்வார். யார் கை என்று மெஷின் பார்ப்பதில்லை. காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்பில் ஒரு வலியும் இல்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

என் மகளும் அப்படித்தான் கிடக்கிறாள். கணக்கியல் கடைசி வருஷம். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். காய்ச்சலா என்றால் இல்லை, காதலா என்றால் முறைக்கிறாள். கடைசியில் சொன்னாள்: அவள் மூன்று வருஷமாகப் படித்ததை எல்லாம் வகுப்பிலேயே ஆசிரியர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாராம். அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அது செய்து முடித்துவிட்டதாம். நான் எதுக்குப் படிக்கணும் என்று கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவள், அப்ப நாமெல்லாம் எதுக்கும்மா என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை. உனக்கு ஏதாவது பதில் தெரிந்தால் எழுது, நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வளர்த்துவானேன். தம்பி வீட்டில் நீ இருக்கும் நிலைமை எனக்குத் தெரியும். யாரும் ஒரு சொல் சொல்வதில்லை, ஆனாலும் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ள உனக்குக் கூசுகிறது. என் வேலை அங்கே இருக்கிறது என்று நீ அவர்களிடம் அடிக்கடி சொல்வது ஃபோனிலேயே என் காதில் விழுந்திருக்கிறது. உனக்கு அந்த இடம் வேண்டுமென்றால் உன் பெயரைச் சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் நீ எந்த வேலைக்குத் திரும்பி வரத் துடிக்கிறாயோ, அந்த வேலை இங்கே இல்லை. மெஷின் பக்கத்தில் நிற்கிற வேலைதான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்.

தம்பிக்கு என் வணக்கம். அவர் மனைவிக்கும். இருமல் நின்றுவிட்டது என்று சொல்.

இப்படிக்கு,
உன் மறுமுனைக்காரி
குட்டை


அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. ஒரே பக்கம்தான். வாய் ஓயாமல் பேசுகிறவள் ஒரு பக்கத்தில் முடித்துவிட்டாய் என்றதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது.

வேலையை நீயே எடுத்துக்கொள் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டாய். தம்பி பிள்ளைகள் அத்தை அத்தை என்று காலைச் சுற்றுகிறார்களாம், வீட்டின் பின்னால் கீரை போட்டிருக்கிறாயாம், உனக்கு இனி விரிப்பைத் தூக்கும் வயதில்லையாம், அங்கே உனக்கு ஒரு குறையும் இல்லையாம். ஒரு குறையும் இல்லை என்பதை மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை எழுதியிருக்கிறாய். உனக்குத் தோள்பட்டை கெட்டுப்போயிருந்த காலத்தில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு ஒண்ணும் வலிக்கல என்பாய். வலிக்கிற நாளில் மட்டும்தான் அப்படிச் சொல்வாய். நான் எதிரே நின்றவள், நெட்டை. என்னை ஏமாற்ற வேண்டுமென்றால் நீ வேறு யாரையாவது விட்டு எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாம் தெரிந்தும் என் பெயரைத்தான் சொன்னேன். என் மகளை நினைத்துச் சொன்னேன். நீயும் அவளை நினைத்துத்தான் அப்படி எழுதினாய் என்று தெரிந்தே சொன்னேன். சரிசரி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை நீட்டினார், கட்டைவிரலை வைத்தேன். முதல் தடவை ஏற்கவில்லை. எப்போதும் துணியில் தேய்ந்து தேய்ந்து ரேகையே இல்லை என்று சொல்லி, விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். அது என்னை ஏற்காமலே போனால் நன்றாக இருக்குமே என்று அந்த நேரத்தில் நினைத்தேன். பச்சை விளக்கு எரிந்துவிட்டது. சரி சரி என்றார் அவர். உன் பை மாட்டும் ஆணி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. பிடுங்க வந்த ஆளிடம், அது என் பை மாட்டுவது என்று பொய் சொன்னேன். என் உயரத்துக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் மாட்டுகிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

உன் கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். நாமெல்லாம் எதுக்கு என்ற அவள் கேள்விக்கு, எனக்கும் தெரியாது, தெரிஞ்சா உங்கம்மாகிட்ட முதல்ல நான்தானே சொல்லியிருப்பேன் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டு லேசாகச் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் பல்லைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை துவைத்த விரிப்பைக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் பிடி என்று அவள் கையில் ஒரு பக்கத்து முனைகளைக் கொடுத்தேன். சுருட்டி அலமாரியில திணிக்க வேண்டியதுதானே, இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு என்றாள். ஆனாலும் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தபோது அவள் பிடி நழுவி, விரிப்பு என் தலையில் வந்து விழுந்தது. மறுபடி பிடித்தோம். நீளவாக்கில் பாதியாக மடித்துவிட்டு அப்படியே நின்றாள். இப்ப நான் வரணுமா, நீ வரணுமா என்று கேட்டாள். ரெண்டு பேரும் வரணும் என்றேன்.

மறுநாள் வகுப்புக்குப் போனாள். இதனால்தான் போனாள் என்று நான் சொல்ல மாட்டேன். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்களாம். இப்போதும் சில நாள் போகாமல் படுத்துக்கொள்கிறாள். தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு நான் கிளம்புகிறேன். நான் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்து பார்க்கிறாள்.

இனி சொல்வதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். போன வாரம் அந்த இன்ஜினீயர்ப் பெண் மெஷினைப் பார்த்துவிட்டுப் போக வந்தாள். எப்போதெல்லாம் அது நின்றது என்று மெஷினே குறித்து வைக்குமாம். எடுத்துப் பார்த்துவிட்டு, சூப்பர்க்கா, இந்த மாசம் ஒரு தடவைகூட நிக்கலையே என்று என் தோளைத் தட்டினாள். சரிசரிகூடக் கைதட்டினார். நான் குனிந்து பார்த்தேன். என் இரண்டு கால்களும் மஞ்சள் பட்டைக்குப் பின்னால் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தன. எந்த நாளிலிருந்து உன்னைப் பார்க்க நடப்பதை விட்டன என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது விட்டிருக்கலாம். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டிவிட்டுப் போன பிறகு அழுதேன். உன் வேலையை எடுத்துக்கொண்டதைவிட இதுதான் எனக்குத் துரோகமாகப் படுகிறது.

என் வீட்டு நடு அறை சும்மாதான் கிடக்கிறது. பழைய பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டால் ஒரு கட்டில் போடலாம். உன் காலுக்கு நீளம் போதாது, நாற்காலி ஒன்றைச் சேர்த்துப் போட்டுக்கொள். சும்மா இருக்கச் சொன்னால் நீ மானஸ்தி, வர மாட்டாய். அதனால் வாடகை கேட்பேன். கறாராகக் கேட்பேன். இங்கே உனக்கு வேலை இல்லை, அதில் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். வார்டு துடைக்கிற ஜோடிகளில் ஒருத்தி நின்றுவிடப் போவதாகப் பேச்சு. அது நிச்சயமில்லை. நிச்சயமான வேலை யாருக்கு இருக்கிறது என்று என்னைக் கேட்காதே. வந்த பிறகு, இரண்டு பேரும் உட்கார்ந்து பயப்படுவோம்.

உன் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். முதுகுக்கு எண்ணெய்கூடச் சொல்லியிருக்கிறாய், வலி போய்விட்டது என்று நான் எழுதியிருந்தும். மாடி வீட்டுக்காரர் பெட்டியும் கையுமாக வந்து உன்னிடம் என்ன கேட்டார் என்பதை மட்டும் எழுதவில்லை. முதலில் மறந்துவிட்டாய் போலிருக்கிறது என்று நினைத்தேன். நீயாவது, கதையை மறப்பதாவது! திரும்பி வரவே போவதில்லை என்று முடிவு செய்தவள், அதைப் பாதியில் விட்டுவைக்க மாட்டாள். எழுதி முடித்துக் கையைத் தட்டியிருப்பாள்.

உன் தம்பி நல்லபடியாக எழுந்து நடக்கட்டும். கீரை செழிக்கட்டும். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், தட்டில் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொள். என்னைத் திட்ட வேண்டும்போல் இருந்தால் பக்கம் பக்கமாகத் திட்டி எழுது, கோர்வையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்தக் கதையின் மீதியை மட்டும் எழுதி அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் மறுமுனைக்காரி
குட்டை